பறக்கப் பழகலாம்: மலையூர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த இதழுக்கு வந்த கேள்விகள் எல்லாமே பிரைவேட் பைலட் லைசென்ஸை (பி.பி.எல்.) சுற்றியவை. நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிவிட்டோம்.

கே: வயது 19. பி.காம். படிக்கிறேன். வேலைக்காக இல்லை, ஆசைக்காக விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். முதலில் எங்கே போய் நிற்பது?
கோத்தகிரி வாசகர்

ப: டாக்டரிடம். ஃப்ளையிங் ஸ்கூலில் பணத்தைக் கட்டிவிட்டு, அப்புறம் மெடிக்கலில் மாட்டிக்கொண்டு கையைப் பிசைபவர்கள் உண்டு. விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அங்கீகரித்த, பி.பி.எல்.லுக்கான கிளாஸ் 2 உடல்தகுதிச் சோதனை செய்யும் மருத்துவர்களின் பட்டியல் அதன் இணையதளத்தில் இருக்கிறது. அவர்களில் ஒருவரிடம் போங்கள். கண்ணாடி போடுவது தடையில்லை. வண்ணப் புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் இஷிஹாரா அட்டைச் சோதனையில்தான் பலருக்கு அதிர்ச்சி காத்திருக்கும். சிவப்பு, பச்சை குழப்பம் இருப்பதே அதுவரை தெரிந்திருக்காது. அந்த அட்டைச் சோதனையை எந்தக் கண் மருத்துவரிடமும் முன்கூட்டியே செய்துபார்த்துவிடலாம்.

அடுத்தது பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பாஸ்போர்ட்டில் வேறு வரிசை. நம் ஊரில் இது வீட்டுக்கு வீடு உள்ள கதை. டிஜிசிஏயின் இ-ஜிசிஏ தளத்தில் கணக்குத் தொடங்கும் முன் மூன்றையும் ஒன்றாக்கிவிடுங்கள். பிறகு திருத்த அலைவதைவிட இது லேசு.

இனி லைசென்ஸ். 16 வயதில் ஸ்டூடன்ட் பைலட் லைசென்ஸ் வாங்கலாம், 17 முடிந்தால் பி.பி.எல். இரண்டுக்கும் பத்தாம் வகுப்பு போதும், உங்கள் பி.காம். குறுக்கே வராது. ஸ்டூடன்ட் லைசென்ஸுக்குப் பள்ளியிலேயே வாய்மொழித் தேர்வு வைப்பார்கள். பி.பி.எல்.லுக்கு மொத்தம் 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 20 மணி இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் தனியாக. அந்தத் தனிப் பறத்தலில் 5 மணி கிராஸ் கன்ட்ரி, அதாவது ஊர் விட்டு ஊர் பறப்பது. அதில் ஒரு பயணமாவது 150 கடல் மைல், அதாவது சுமார் 278 கிலோமீட்டர் இருக்க வேண்டும், வழியில் இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் இறங்கி முழுக்க நின்றுவிட்டுக் கிளம்ப வேண்டும். வான்போக்குவரத்து விதிகள், நேவிகேஷன், வானிலை, விமானமும் இன்ஜினும் என்று எழுத்துத் தேர்வுகள் உண்டு. ரேடியோ பேசத் தனி லைசென்ஸ். கடைசியாகப் பரிசோதகரோடு பறந்து காட்ட வேண்டும்.

40 மணி என்பது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம். நடுவில் பரீட்சைக்காக ஒரு மாதம் விட்டால், திரும்பி வந்ததும் முதல் இரண்டு மூன்று மணி நேரம் பழசைத் தூசி தட்டுவதிலேயே போய்விடும். மணிக்கு 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 40 மணிக்கு 6 லட்சம், 55 மணியானால் 8 லட்சத்து 25 ஆயிரம். பெரிய கணக்கையே மனதில் வையுங்கள். விட்டு விட்டுப் பறப்பதைவிட, முழுப் பணமும் கையில் சேரும்வரை காத்திருந்து ஒரே மூச்சில் முடிப்பது மலிவு.

கே: ஊட்டியில் கடை வைத்திருக்கிறேன். மைசூருக்குத் தினமும் போய்வந்து பழக முடியுமா?
ஊட்டி வாசகர்

ப: முடியாது. தூரம் 125 கிலோமீட்டர்தான், ஆனால் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை அடைப்பு. பயிற்சிக்கு நல்ல நேரமோ விடிந்ததும் வரும் இரண்டு மூன்று மணி நேரம். நீங்கள் செக்போஸ்ட்டில் நிற்கும்போது மற்றவர்கள் இரண்டு ரவுண்டு முடித்திருப்பார்கள். மைசூர், சேலம், பெங்களூரு ஜக்கூர் என்று எங்கே சேர்ந்தாலும் அங்கேயே அறை எடுத்துத் தங்குங்கள்.

பள்ளியைப் பார்க்கப் போனால் பளபள கட்டடத்தைப் பார்க்காதீர்கள். ஹேங்கரில் இன்றைக்குப் பறக்கும் நிலையில் எத்தனை விமானம், எத்தனை இன்ஸ்ட்ரக்டர், எத்தனை மாணவர் என்று கேளுங்கள். ஐந்து விமானம் நிற்கும், இரண்டில் இன்ஜின் இருக்காது. போன மாதம் ஒரு மாணவருக்குச் சராசரி எத்தனை மணி கிடைத்தது என்பதை அலுவலகத்தில் கேட்பதோடு நிறுத்தாமல், கேன்டீனில் டீ குடிக்கும் மாணவர்களிடமும் கேளுங்கள். மணிக் கட்டணத்தில் பெட்ரோல், லேண்டிங் கட்டணம் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டி வாங்கிக்கொண்டு தள்ளுபடி தருகிறோம் என்றால் எழுந்து வந்துவிடலாம் என்பது எங்கள் கருத்து.

கே: மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் ஏறினாலே பர்லியார் தாண்டும் முன் வாந்தி. நான் பைலட் ஆசைப்படுவது வேடிக்கையா?
குன்னூர் வாசகி

ப: வேடிக்கையே இல்லை. பஸ்ஸில் டிரைவருக்கு வாந்தி வருவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று அவருக்கு முன்பே தெரியும், கண் சாலையில் இருக்கிறது. உங்களுக்கோ உட்காதில் உள்ள திரவம் "திரும்புகிறோம்" என்கிறது, முன் சீட்டின் முதுகைப் பார்க்கும் கண் "நிற்கிறோம்" என்கிறது. மூளைக்கு இரண்டும் ஒத்துப்போகாமல் வயிறு புரட்டுகிறது. விமானத்தில் ஸ்டியரிங் உங்கள் கையில். பெரும்பாலானோருக்கு ஐந்தாறு பயிற்சிக்குள் அடங்கிவிடும்.

முதல் வாரம் அரை மணிக்கு மேல் பறக்க வேண்டாம் என்று இன்ஸ்ட்ரக்டரிடம் சொல்லிவிடுங்கள். மறைக்காதீர்கள். காற்று அலையாத காலை வேளையைக் கேளுங்கள். வெறும் வயிற்றோடும் போகக்கூடாது, பூரி மசாலாவோடும் போகக்கூடாது. இரண்டு இட்லி போதும். மயக்கம் தட்டினால் உள்ளே உள்ள கருவிகளைப் பார்ப்பதை விட்டுத் தொடுவானத்தைப் பாருங்கள், முகத்தில் காற்றுப் படும்படி வென்ட்டைத் திருப்புங்கள், விமானத்தை நீங்களே பிடியுங்கள். தலையைச் சட்டென்று குனிந்து நிமிர்த்தாதீர்கள். பேனா விழுந்தால் கிடக்கட்டும்.

மலைப் பாதைக்கென்று நம்மவர்கள் கைப்பையில் வைத்திருக்கும் அவோமின் மாத்திரை மட்டும் கூடாது. தூக்கம் வரவைக்கும் மருந்து அது. அதைப் போட்டுக்கொண்டு ஓட்டுவது, மூளையில் பாதியை வீட்டில் வைத்துவிட்டு வருவதற்குச் சமம்.

கே: விமானத்துக்குக் குளிர்ந்த காற்று நல்லது என்கிறார்கள். அப்படியானால் ஊட்டிதானே பயிற்சிக்கு ஏற்ற ஊர்? ஏன் இங்கே ஓடுதளமே இல்லை?
லவ்டேல் ஆசிரியர்

ப: குளிர் நமக்கு, விமானத்துக்கு அல்ல. விமானம் பார்ப்பது காற்றின் அடர்த்தியை. கடல் மட்டத்தில் 15 டிகிரி, அதன்பின் 1,000 அடிக்கு 2 டிகிரி குறையும் என்பது கணக்குக்காக வைத்திருக்கும் நிலையான வளிமண்டலம். ஊட்டி ஏறக்குறைய 7,350 அடி. அந்தக் கணக்குப்படி இங்கே 0 டிகிரிதான் இருக்க வேண்டும். நம் மதிய வெயிலில் 20 டிகிரி இருந்தால், விமானத்தின் கண்ணில் அது 20 டிகிரி அதிக வெக்கை. கூடுதலாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடி சேர்த்துக்கொள்ள வேண்டும். 7,350 அடியோடு 2,400 சேர்த்தால் சுமார் 9,750 அடி. இதைத்தான் டென்சிட்டி ஆல்டிட்யூட் என்பார்கள். நீங்கள் ஸ்வெட்டர் போட்டு நிற்கும் இடத்தில் விமானம் 9,750 அடி உயரத்தில் மூச்சு வாங்குகிறது.

டர்போ இல்லாத இன்ஜின் 1,000 அடிக்கு 3 சதவீதம் போலச் சக்தி இழக்கும். 180 குதிரைத்திறன் உள்ள செஸ்னா 172 இங்கே 130 சொச்சம்தான் தரும். புரொப்பெல்லருக்கும் இறக்கைக்கும் பிடிக்கக் காற்று குறைவு. கடல் மட்டத்தில் ஏறக்குறைய 300 மீட்டர் ஓடி எழும் விமானத்துக்கு இங்கே அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். எழுந்த பிறகும் ஏறும் வேகம் பாதிகூட இருக்காது. அது ஏறும் லட்சணத்தில், எதிரே நிற்கும் மலை அதைவிட வேகமாக உயரும். அவ்வளவு நீளத்துக்குச் சமதரையும், இரு முனையிலும் திறந்த வெளியும் இந்த மலையில் எங்கே இருக்கிறது?

கோவையில் கற்றாலும் இந்தக் கணக்குத் தப்பாது. விமான நிலையம் 1,324 அடியில். ஏப்ரல் மதியம் 35 டிகிரி என்றால் டென்சிட்டி ஆல்டிட்யூட் 4,000 அடியைத் தொடும். இரண்டு பெரியவர்கள், முழு டேங்க், பின் சீட்டில் ஒரு நண்பர் என்று கிளம்பினால் ரன்வே முடிவு வேகமாக நெருங்குவதை உணர்வீர்கள். 3,000 அடிக்கு மேல் மிக்ஸ்சரைக் கொஞ்சம் மெலிதாக்க, அதாவது இன்ஜினுக்குப் போகும் கலவையில் பெட்ரோலைக் குறைக்க வேண்டும். கீழே பழகிய கையோடு முழு ரிச்சில் விட்டால் இருக்கும் சக்தியும் புகையாகப் போகும்.

கே: லைசென்ஸ் கிடைத்ததும் கோவையிலிருந்து கிளம்பி எங்கள் எஸ்டேட் மேல் ஒரு வட்டம் அடிக்க வேண்டும் என்பது கனவு. 2021-ல் காட்டேரி பக்கம் நடந்த ஹெலிகாப்டர் விபத்துக்குப் பிறகு வீட்டில் பயப்படுகிறார்கள். பயம் நியாயமா?
குன்னூர் வாசகர்

ப: நியாயம். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்த விமானப்படை எம்.ஐ.17 ஹெலிகாப்டர் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, கவனக்குறைவும் இல்லை என்றது விசாரணைக் குழு. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி, மேகத்துக்குள் நுழைந்து, திசைநிலை தடுமாறி, விமானக் கட்டுப்பாடு இருந்தபடியே மலையில் மோதியது. தேர்ந்த குழுவுக்கே அப்படி. 40 மணி நேரக்காரருக்கு மேகத்துக்குள் என்ன ஆகும்?

1954-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பைலட்டுகளை மேகத்துக்குள் இருப்பது போன்ற நிலையில் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 வினாடி. மூன்று நிமிடம்கூட இல்லை. இறக்கை மெதுவாகச் சாய்வதை உட்காது சொல்லாது. நேராகப் பறக்கிறோம் என்று நம்பிக்கொண்டே சுழன்று இறங்குவார்கள்.

மேகம் எப்போது வரும் என்பது உங்களுக்குத் தெரியும், அதைக் கணக்காக்கும் வழி மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். வெப்பநிலையிலிருந்து பனிநிலையை (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) கழித்து 400-ஆல் பெருக்கினால் மேகத்தின் அடிமட்டம் அடியில் கிடைக்கும். மேட்டுப்பாளையத்தில் 30 டிகிரி, பனிநிலை 22 என்று வையுங்கள். வித்தியாசம் 8, ஆக 3,200 அடி. மேட்டுப்பாளையமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,070 அடி. கூட்டினால் 4,270. குன்னூர் 6,000 அடிக்கு மேல். கீழே நிற்பவருக்கு அழகான வெள்ளை மேகம், குன்னூரில் துணி காயப்போட்டவருக்கு அது முற்றத்துக்குள் வந்த பனிமூட்டம். கோவை விமான நிலையத்தின் வானிலை அறிக்கையான மெட்டார் "மேகம் 3,000 அடி, பார்வை 6 கிலோமீட்டர்" என்று நல்ல செய்தி சொல்லும். அது அந்த விமான நிலையத்தைப் பற்றிய செய்தி, சிம்ஸ் பார்க் பற்றியது அல்ல. நம்பகமான இரண்டாவது சாட்சி, உங்கள் வீட்டுக்கு ஒரு போன். "தொட்டபெட்டா தெரிகிறதா?" என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் வண்டியைக் கட்டிப் போடுங்கள். தெரிகிறது என்றாலும் அது அந்த நிமிடத்துக்கான பதில்தான். காலை 9 மணி வரை தெளிவாக இருந்து, சரிவு சூடானதும் 11-க்குள் மூடிக்கொள்வது நம் மலையின் வழக்கம். தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், அவலாஞ்சி பக்கம், வடகிழக்கில் குன்னூர், கோத்தகிரி பக்கம் என்று பக்கமும் மாறும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8 அன்று பதிவான 24 மணி நேர மழை 82 சென்டிமீட்டர். அந்த மேகத்துக்குள் சின்ன விமானத்துக்கு வேலையே இல்லை.

விதிப்படி 10,000 அடிக்குக் கீழே கண்ணால் பார்த்துப் பறக்க 5 கிலோமீட்டர் பார்வை வேண்டும், மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டர், மேலும் கீழும் 1,000 அடி விலகல் வேண்டும். மலைமுகட்டைத் தாண்ட வேண்டுமென்றால் முகட்டுக்கு மேல் 2,000 அடி வைத்துக்கொள்வது மலைப் பகுதிப் பைலட்டுகளின் பழக்கம். தொட்டபெட்டா 8,652 அடி. 2,000 சேர்த்தால் 10,652. பயிற்சி விமானம் அங்கே முக்கி முனகி ஏறும். 10,000 அடிக்கு மேல் அரை மணிக்கு மேல் இருந்தால் ஆக்சிஜனும் வேண்டும். முகட்டை நேருக்கு நேர் தாண்டாமல் 45 டிகிரி கோணத்தில் நெருங்குங்கள். காற்று கீழே அமுக்கினால் பாதி திருப்பத்திலேயே பள்ளத்தாக்குக்கு வெளியே போய்விடலாம்.

காற்று மலையைத் தாண்டி இறங்கும் பக்கம்தான் ஆபத்து. கொடைக்கானல்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறோம்: மேற்கிலிருந்து பலமாக வீசும் நாளில் பழனி மலையின் வத்தலக்குண்டு பக்கச் சரிவில் நிமிடத்துக்கு 1,000 அடி கீழே இழுக்கும் காற்று இருக்கலாம். முழு த்ராட்டிலில், அதாவது இன்ஜினின் முழு சக்தியில், உங்கள் விமானம் ஏறுவது 400 அடி. மீதி 600 அடி யார் கணக்கில்? ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றின் பலத்தை, உடுமலை, பல்லடம் காற்றாலைகளைப் பார்த்தே அறியலாம். அவை வேகமாகச் சுற்றும் நாளில் மலையோரம் போகாதீர்கள்.

பள்ளத்தாக்குக்குள் நுழைந்தால் நடுவே பறக்காதீர்கள். ஒரு பக்கச் சரிவை ஒட்டிப் பறந்தால் திரும்ப முழு அகலமும் கிடைக்கும். கணக்கு இது: 7,000 அடியில் வேகமானி 90 நாட் (மணிக்கு 90 கடல் மைல்) காட்டினால் உண்மை வேகம் 102 போல இருக்கும். 30 டிகிரி சாய்வில் யு-டர்ன் அடிக்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அகலம் வேண்டும். சாய்வைக் கூட்டினால் அகலம் குறையும், ஆனால் 45 டிகிரியில் ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை தாங்காமல் விமானம் விழும் வேகம், 19 சதவீதம் கூடிவிடும். பயந்துபோய்க் கைப்பிடியை இழுப்பவர்கள் அதில்தான் விழுகிறார்கள்.

மேகம் எதிரே வந்துவிட்டால், உள்ளே நுழையும் முன்பே திரும்ப வேண்டும். நுழைந்தே விட்டீர்களா? சாய்வைக் காட்டும் கருவியான செயற்கைத் தொடுவானத்தில் மட்டும் கண். 100 நாட்டில் சுமார் 15 டிகிரி சாய்வு, 60 வினாடி, 180 டிகிரி திரும்பியிருப்பீர்கள். வந்த வழியே வெளியே. இதை இன்ஸ்ட்ரக்டரோடு கண்ணை மறைக்கும் தொப்பி போட்டு அடிக்கடி பழகுங்கள். சூலூர் தளம், கோவைக் கட்டுப்பாட்டு வான்பரப்பு, வெலிங்டன் ராணுவப் பகுதி எல்லாம் வழியில் இருக்கின்றன. ஃப்ளைட் பிளான், வான் பாதுகாப்பு அனுமதி எண் இல்லாமல் இந்தப் பக்கம் திரும்பவே முடியாது. எஸ்டேட் மேல் வட்டம் அடிக்கும் ஆசையை ஜனவரி, பிப்ரவரியில் ஒரு காலை வேளைக்கு, மலை நன்றாக அறிந்த இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருக்கும்போது வையுங்கள்.

கே: 22 மணி நேரம் முடிந்தது. லேண்டிங்கில் விமானம் குதிக்கிறது. இன்ஸ்ட்ரக்டர் "முன்னாடி பார்" என்கிறார். எதைப் பார்ப்பது?
கொடைக்கானலிலிருந்து வந்து மைசூரில் பயிலும் மாணவர்

ப: குதிப்புக்குக் காரணம் கடைசி 20 அடியில் இல்லை, அதற்கு ஒரு நிமிடம் முன்னால் இருக்கிறது. ரன்வேக்கு நேராக இறங்கிவரும் கடைசிக் கட்டமான ஃபைனலில் வேகம் எவ்வளவு வைக்கிறீர்கள்? செஸ்னா 172-ல் ஃப்ளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் உள்ள பலகை) முழுதாக இறக்கி 61 முதல் 65 நாட் வர வேண்டும். "பாதுகாப்புக்கு" 75 வைத்தால் தரையருகே அது இறங்க மாட்டேன் என்று மிதக்கும். வேகம் 10 சதவீதம் கூடினால் லேண்டிங் தூரம் 20 சதவீதம் கூடும். பொறுமையிழந்து கீழே தள்ளுவீர்கள், முன் சக்கரம் முதலில் அடிக்கும், துள்ளும்.

ஃபைனலில் ரன்வேயில் ஒரு புள்ளியைக் குறி வையுங்கள். அது கண்ணாடியில் மேலே நகர்ந்தால் நீங்கள் குட்டையாக விழப் போகிறீர்கள், கீழே நகர்ந்தால் தாண்டப் போகிறீர்கள். அசையாமல் பெரிதாகிக்கொண்டே வந்தால் சரி. ரன்வே விளிம்பைத் தாண்டியதும் அந்தப் புள்ளியை விட்டுவிட்டுப் பார்வையை ரன்வேயின் மறுமுனைக்கு மாற்றுங்கள். இதைத்தான் உங்கள் இன்ஸ்ட்ரக்டர் சொல்கிறார். மூக்கின் முன்னே பத்தடியைப் பார்த்தால் தரை ஓடுவதுபோல் தோன்றி, சீக்கிரமே இழுத்துவிடுவீர்கள். 15 அடி உயரத்திலேயே ஸ்டால் ஆகி "தொம்" என்று விழும். மறுமுனையைப் பார்த்தால் தரை இருபுறமும் மெல்ல எழும்பி வருவது ஓரக்கண்ணில் தெரியும். த்ராட்டிலை மூடி, கைப்பிடியை இழுக்காமல், அமுங்க விடாமல் பிடித்துக்கொண்டே இருங்கள். ஸ்டால் ஹார்ன் முனகும்போது பின் சக்கரங்கள் தாமாகத் தொடும்.

துள்ளிவிட்டால் மூக்கை அமுக்காதீர்கள். அமுக்கினால் அடுத்த துள்ளல் பெரிது, மூன்றாவதில் முன் சக்கரக் கால் மடங்கும் அல்லது புரொப்பெல்லர் ரன்வேயைச் சீவும். சின்னத் துள்ளலா, அப்படியே பிடித்துக்கொண்டு கொஞ்சம் பவர் கொடுத்து இறங்குங்கள். பெரிதா, யோசிக்காமல் முழு த்ராட்டில், ஃப்ளாப்பை 20 டிகிரிக்கு, 60 நாட், மேலே ஏறுங்கள். இப்படி இறங்காமல் மீண்டும் ஏறிப்போகும் கோ அரவுண்ட் செய்தால் மதிப்பெண் குறையும் என்று எந்தப் புண்ணியவான் சொன்னாரோ தெரியவில்லை. நல்ல பரிசோதகருக்கு அதைப் பார்த்தால் சந்தோஷம்தான்.

கே: செஸ்னா 152-ல் இறங்கும்போது கார்ப் ஹீட் (கார்புரேட்டருக்குச் சூடான காற்றைத் திருப்பும் குமிழ்) இழுத்தால் இன்ஜின் உதறுகிறது. அதனால் தொடாமலே விட்டுவிடுகிறேன். தவறா?
பெங்களூருவில் பயிலும் குன்னூர் மாணவர்

ப: மிகத் தவறு. உதறியது என்றால் உள்ளே ஐஸ் இருந்து அது உருகி இன்ஜினுக்குள் போகிறது என்று அர்த்தம். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுக்கும், பெட்ரோல் ஆவியாகும், இரண்டும் சேர்ந்து வெப்பநிலையை 20 டிகிரிக்கு மேல் இறக்கும். வெளியே 15 டிகிரி, ஈரக்காற்று என்றால் கழுத்தில் ஐஸ் படியத் தகுந்த இடம். பவர் குறைத்து இறங்கும்போது த்ராட்டில் தகடு பாதி மூடியிருப்பதால் சீக்கிரம் அடைக்கும். இன்ஜின் சுழலும் வேகமான ஆர்.பி.எம். காரணமில்லாமல் மெல்லக் குறைவதுதான் முதல் அறிகுறி.

பவரைக் குறைக்கும் முன்பே முழுதாக இழுங்கள், பாதி வேண்டாம். முதலில் ஆர்.பி.எம். கொஞ்சம் இறங்கும், பின் உதறல், பின் ஏறி நிற்கும். ஐஸ் இல்லையென்றால் இறங்கி அப்படியே நிற்கும். தரையில் தேவையில்லாமல் இழுத்து வைக்காதீர்கள், அந்தக் காற்று ஃபில்டர் வழியாக வருவதில்லை, தூசி போகும். கோ அரவுண்ட் செய்தால் உடனே உள்ளே தள்ளிவிடுங்கள். இன்ஜெக்ஷன் இன்ஜின் உள்ள 172 எஸ்ஸில் இந்தக் குமிழே கிடையாது.

கே: தமிழ் மீடியம். ரேடியோ ஆங்கிலம் பயமாக இருக்கிறது.
கூடலூர் வாசகி

ப: அது ஆங்கிலம் இல்லை, சுமார் இருநூறு சொற்களில் அடங்கும் தனி மொழி. யாரைக் கூப்பிடுகிறோம், நாம் யார், எங்கே இருக்கிறோம், என்ன வேண்டும் என்ற வரிசை மாறவே மாறாது. "மைசூர் டவர், விக்டர் டேங்கோ" என்று தொடங்கி உங்கள் விமானத்தின் எழுத்துகள், "ஹோல்டிங் பாயின்ட், ரெடி ஃபார் டிபார்ச்சர்." "டேக் ஆஃப்" என்ற சொல்லை அனுமதி கிடைக்கும்வரை நீங்கள் உச்சரிக்கக்கூடாது. 1977-ல் டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ரன்வேயில் மோதி 583 பேர் இறந்ததற்கு அந்தச் சொல் தந்த குழப்பமும் ஒரு காரணம்.

நம்மவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழில் "ப" என்ற ஒரே எழுத்து இரண்டு ஒலிக்கு நிற்கிறது, "ட"வும் அப்படியே. அந்தக் குழப்பம் வராமல் காப்பவைதான் P, B, T, D எழுத்துகளுக்குப் பதிலாகச் சொல்லும் பாப்பா, பிராவோ, டேங்கோ, டெல்டா என்ற சொற்கள். எழுத்தைத் தனியாகச் சொல்லவே சொல்லாதீர்கள். ரன்வே எண், அழுத்தம், உயரம், அனுமதி ஆகியவற்றைக் கேட்டபடியே திருப்பிச் சொல்ல வேண்டும். "ஓகே, ஓகே" என்பது பதில் ஆகாது. புரியவில்லை என்றால் "சே அகெய்ன்" கேட்பதில் வெட்கமில்லை. ஒரு வாரம் வீட்டில் சத்தமாகப் பேசிப் பழகுங்கள். கேட்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

கே: பி.பி.எல். வாங்கிச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி நீலகிரியைக் காட்டிச் சம்பாதிக்கலாமா?
ஊட்டி வாசகர்

ப: கூடாது. நண்பரை ஏற்றலாம், அவரிடம் பணம் வாங்கக்கூடாது. சம்பாதிக்க கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் (சி.பி.எல்.) வேண்டும். அதற்கு 18 வயது, 200 மணி நேரம், கிளாஸ் 1 மெடிக்கல்.

கே: மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஊட்டி வந்ததும் பலூன் மாதிரி உப்புகிறதே, அதற்கும் விமானத்தில் உயரம் காட்டும் கருவிக்கும் சம்பந்தம் உண்டா?
எட்டாம் வகுப்பு மாணவன், கேத்தி

ப: அதேதான் அது! பாக்கெட்டுக்குள் அடைத்த காற்று கீழ் ஊர்க் காற்று. மேலே வர வர வெளியே அழுத்தம் குறைகிறது, உள்ளே இருப்பது விரிகிறது. கடல் மட்டத்தில் 1013 ஹெக்டோபாஸ்கல் இருக்கும் அழுத்தம் ஊட்டியில் 770 பக்கம்தான். உயரமானியின் பெட்டிக்குள்ளும் காற்று உறிஞ்சிய மெல்லிய உலோக டப்பா ஒன்று இருக்கிறது. அழுத்தம் குறைந்தால் அது விரியும், அந்த அசைவு பல்சக்கரம் வழியாக முள்ளைத் திருப்பும். உன் பாக்கெட்டில் ஒரு முள்ளைக் கட்டினால் அதுவும் ஓர் உயரமானி.

ஆனால் அழுத்தம் உயரத்தால் மட்டும் மாறுவதில்லை, வானிலையாலும் மாறும். அதனால் கிளம்பும் முன் டவர் சொல்லும் கடல்மட்ட அழுத்தத்தைச் சின்னக் குமிழைத் திருப்பி வைக்க வேண்டும். டவர் 1005 என்று சொல்ல, பைலட் மறந்துபோய் 1013-லேயே விட்டுவிட்டார் என்று வை. ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு 30 அடி போல, எட்டுக்கு 240 அடி. முள் 7,000 அடி என்று காட்டும், விமானம் இருப்பதோ 6,760 அடியில். சமவெளியில் பரவாயில்லை. கேத்திப் பள்ளத்தாக்கில் அந்த 240 அடி என்பது, தேயிலைத் தோட்டத்துக்கு மேலே போகிறோமா, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே போகிறோமா என்ற வித்தியாசம்.